மூன்று எழுத்து, பத்து அச்சு
(அரபு வினைச்சொற்களும் சொல் பிறக்கும் விதமும்: ஒரு சிறு பாடம்)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு
நாச்சியாபுரம்



"மெக்கானிக்கல் படிக்கிறவன் அரபு இலக்கணம் எழுதுறானே, இவனுக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மலர்க் குழுவில் தலைப்பைச் சொன்னபோதும் சிரித்தார்கள். அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கொத்தனார். 2008-இல் சவூதி அரேபியாவுக்குப் போனார். அப்போது எனக்கு ஒரு வயது. 2014-இல் ஊருக்கு வந்தார். லீவுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். கிளம்புவதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் ஒரு அரபுத் தாளை நீட்டி, "லீவு பேப்பர், கையெழுத்துப் போடு" என்றார்களாம். போட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போக விசாரித்தபோதுதான், "உன் விசா முடிஞ்சு போச்சு, இனிமே வரமுடியாது" என்று பதில் வந்தது.

அந்தத் தாளின் நகல் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு பத்து வருஷம் கிடந்தது. படிக்க ஆள் இல்லை. அப்பா தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

போன வருஷம் என் வகுப்புத் தோழன் ஒருவன் அவனுடைய பெரியத்தாவிடம் என்னைக் கூட்டிப்போனான். அரபு மதரஸாவில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஹஜ்ரத் என்று கூப்பிடும். தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது லீவு பேப்பர் இல்லை. இதுல முக்கியமானது ரெண்டே சொல்லு. மொதல் சொல்லு புரியணும்னா மூணு எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்றார். அந்த மூன்று எழுத்தைக் கற்றுக்கொள்ளப் போனவன், எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லையும் கட்டுரையின் கடைசியில் எழுதுகிறேன். அதற்குள் முதல் சொல்லை நீங்களே பிரித்துவிடுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

1. மாவும் அச்சும்

என் அம்மா காரைக்குடியில் பலகாரம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். முறுக்குக் குழலில் ஒரே மாவைத்தான் போடுகிறார். அடியில் உள்ள அச்சை மாற்றினால் ஒருமுறை கம்பியாக விழும், ஒருமுறை நாடாவாக விழும், ஒருமுறை முள்ளு முள்ளாக விழும். அரபு மொழி மொத்தமும் இந்த முறுக்குக் குழல்தான்.

மாவு என்பது மூன்று மெய்யெழுத்துகள். இதற்கு 'ஜத்ர்', அதாவது வேர் என்று பெயர். அச்சு என்பது அந்த மூன்றுக்கும் இடையில் வரும் உயிரோசைகளும், முன்னே பின்னே ஒட்டும் சில எழுத்துகளும். இதற்கு 'வஸ்ன்', அதாவது எடை என்று பெயர். வேர் பொருளைத் தரும். அச்சு வேலையைத் தரும்.

க்-த்-ப் என்ற மூன்று எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு எழுதுதல் என்று பொருள்.

கதப - எழுதினான்
காதிப் - எழுதுபவன்
மக்தூப் - எழுதப்பட்டது, கடிதம்
மக்தப் - எழுதும் இடம், ஆபீஸ்
மக்தபா - நூலகம்
கிதாப் - புத்தகம்

க், த், ப் மூன்றும் எல்லாவற்றிலும் அதே வரிசையில் நிற்கின்றன. மற்றதெல்லாம் அச்சு. அரபு அகராதியில் 'மக்தப்' என்ற சொல்லை 'ம' வரிசையில் தேடினால் பல அகராதிகளில் கிடைக்காது. க்-த்-ப் வேரின் கீழ்தான் தேட வேண்டும்.

இன்னொரு சங்கதி. அரபியில் 28 எழுத்துகள். குறில் உயிர்களைச் சாதாரண எழுத்தில் எழுதுவதே இல்லை. பத்திரிகையில், அரசாங்கத் தாளில் க்-த்-ப் என்று மட்டும் இருக்கும். அது 'கதப' (எழுதினான்), 'குதிப' (எழுதப்பட்டது), 'குதுப்' (புத்தகங்கள்) மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அச்சு தெரிந்தவன்தான் சரியாகப் படிப்பான். எனவே இந்தப் பாடம் இலக்கணப் பண்டிதர்களுக்கு மட்டும் உரியது இல்லை. படிக்க வேண்டும் என்ற யாருக்கும் இதுதான் வாசல்.

2. தமிழ் ரயில், அரபு வார்ப்படம்

நம் தமிழ் ரயில் மாதிரி. 'செய்' என்ற எஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகளை மாட்டுகிறோம்: செய்வித்தான், செய்விக்கப்பட்டவர்களுக்கு. பெட்டி எத்தனை சேர்ந்தாலும் எஞ்சின் உருமாறுவதில்லை. அரபியில் எஞ்சினையே உருக்கி வேறு அச்சில் ஊற்றுகிறார்கள்.

நமக்கு இது முழுக்கப் புதிது என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுடு - சூடு, பெறு - பேறு, கெடு - கேடு. வெளியே ஒன்றும் ஒட்டவில்லை, உள்ளே உயிர் நீண்டது, வினை பெயராயிற்று. தமிழில் இப்படிப்பட்டவை கொஞ்சம்தான். அரபியில் மொழியே இதன்மேல் நிற்கிறது.

இதை முதலில் ஒழுங்குபடுத்திச் சொன்னவர்கள் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்தில் இருந்த அறிஞர்கள். கலீல் இப்னு அஹ்மது வேர்களை வைத்து முதல் அரபு அகராதியைத் தொடங்கினார். அவருடைய மாணவர் சீபவைஹி எழுதிய இலக்கணத்துக்கு 'அல்கிதாப்' என்றே பெயர். புத்தகம் என்றால் அதுதான் என்கிற மாதிரி! இதில் எனக்குப் பிடித்த செய்தி: சீபவைஹி அரபியர் அல்ல, பாரசீகர். அந்நிய மொழிக்காரர் ஒருவர்தான் அரபுக்குப் பெரிய இலக்கணம் எழுதினார் என்றால், நாச்சியாபுரத்துக்காரன் பத்து அச்சைப் படிக்க முடியாதா?

3. வினையின் பத்து அச்சுகள்

அரபியில் வினையை 'அவன் செய்தான்' என்ற இறந்தகால வடிவில்தான் சொல்வார்கள். நாம் 'செய், வா' என்று ஏவலை வைத்துச் சொல்வது போல. மூன்றெழுத்து வினைக்கு வழக்கில் உள்ள அச்சுகள் பத்து. அதற்கு மேலும் சில உண்டு, அவை மிக அரிது.

முதல் அச்சு: வெறும் வினை. தரஸ - படித்தான். கஸர - உடைத்தான்.

இரண்டாம் அச்சு: நடு எழுத்தை இரட்டிப்பது. தர்ரஸ - பாடம் சொன்னான் (படிக்க வைத்தான்). சில வேர்களில் வேகத்தைக் காட்டும். கஸ்ஸர - தூள் தூளாக உடைத்தான்.

மூன்றாம் அச்சு: முதல் எழுத்துக்குப் பின் நெடில் ஆ. இன்னொரு ஆளோடு சேர்ந்து செய்வது. காதப - கடிதப் போக்குவரத்து வைத்தான். காவல - பேரம் பேசினான் (வேர் க்-வ்-ல், பேச்சு). கட்டுமான வேலையைப் பேசி எடுப்பவர் 'முகாவில்'. நம்முடைய காண்ட்ராக்டர்!

நான்காம் அச்சு: முன்னால் 'அ'. இது நம்முடைய பிறவினை. கரஜ - வெளியேறினான். அக்ரஜ - வெளியேற்றினான். தமிழில் ஏறு - ஏற்று என்று வல்லெழுத்து இரட்டிக்கிறது, அரபியில் அகரம் முன்னால் வருகிறது. வேலை ஒன்றே.

ஐந்தாம் அச்சு: இரண்டாம் அச்சுக்கு முன்னால் 'த'. செயல் செய்தவன்மேலேயே திரும்பும். அல்லம - கற்பித்தான், தஅல்லம - கற்றுக்கொண்டான். நம் 'கொள்' என்ற துணைவினை செய்கிற வேலையைப் பெரும்பாலும் இது செய்கிறது.

ஆறாம் அச்சு: மூன்றாம் அச்சுக்கு முன்னால் 'த'. ஒருவருக்கொருவர். தகாதப - ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டனர்.

ஏழாம் அச்சு: முன்னால் 'இன்'. தானாக நிகழ்வது. கஸர - உடைத்தான், இன்கஸர - உடைந்தது. இதற்குத் தொழிற்பெயர் 'இன்கிஸார்'. இதே அச்சில் நம் சங்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று உண்டு. க்-ல்-ப் என்றால் புரட்டுதல். கலப - புரட்டினான், இன்கலப - புரண்டது, 'இன்கிலாப்' - புரட்சி. 1929-இல் பகத்சிங் டில்லி சட்டசபையில் முழங்கிய முழக்கத்தில் முதல் சொல் அரபு, 'ஜிந்தாபாத்' பாரசீகம். எத்தனை ஊர்வலத்தில் கத்தியிருக்கிறோம்! ஏழாம் அச்சு என்று தெரியாமலே கத்தியிருக்கிறோம்.

எட்டாம் அச்சு: முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு 'த' நுழையும். ஜமஅ - சேர்த்தான், இஜ்தமஅ - கூடினான். ஜமாத், ஜும்மா, ஜமாபந்தியின் முதல் பாதி எல்லாம் இந்த வேர்தான். தேர்வுக்கு அரபியில் 'இம்திஹான்'. அதுவும் இந்த அச்சே.

ஒன்பதாம் அச்சு: நிறத்துக்கும் உடற்குறைக்கும் மட்டும். இஹ்மர்ர - சிவந்தது.

பத்தாம் அச்சு: முன்னால் 'இஸ்த'. ஒன்றைத் தேடுவது, கேட்பது, பயன்படுத்துவது. இஸ்தஃலம - விசாரித்தான் (அறிவைத் தேடினான்). வளைகுடாவில் அலுவலக வரவேற்பறைப் பலகையில் உள்ள 'இஸ்திக்பால்', வெளிநாட்டு ஆள் எடுப்பதற்கான 'இஸ்திக்தாம்' இரண்டும் பத்தாம் அச்சின் தொழிற்பெயர்கள்.

ஒவ்வொரு வேரும் பத்து அச்சிலும் விழாது. சில வேருக்கு நான்கு, சில வேருக்கு ஏழு. கையில் இருக்கும் வேரையும் அச்சையும் வைத்துப் பொருளை ஊகிக்கலாம், பிறகு அகராதியில் சரிபார்க்க வேண்டும். வெர்னியரில் ரீடிங் எடுத்தாலும் ஸீரோ எரர் பார்க்கிறோம் இல்லையா, அதுபோல.

4. தாலுகா ஆபீசில் அரபு இலக்கணம்

இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம். ஹஜ்ரத் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தம்பி, நீ பொறந்ததுல இருந்து அரபு பேசிக்கிட்டுத்தான் இருக்கே" என்றார். நான் சிரித்தேன். அவர் எழுதிக் காட்டினார்.

செய்பவர் அச்சு (ஃபாஇல்): முதல் எழுத்துக்குப் பின் ஆ, இரண்டாவதற்குப் பின் இ. ஆஜர் (ஹாளிர் - முன்னால் இருப்பவர்), வாரிசு (வாரிஸ் - சொத்தைப் பெறுபவர்), ஜாமீன் (ளாமின் - பொறுப்பேற்பவர்), பாக்கி (பாகீ - மிஞ்சி நிற்பது), மாஜி (மாளீ - கடந்து போனவர்), காலி (காலீ - வெறுமையாய் இருப்பது). ஆறு சொல், ஒரே அச்சு! வேலூரில் உள்ள பெயர்பெற்ற பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியின் பெயரில் உள்ள 'பாகியாத்' என்பதும் நம் பாக்கியும் ஒரே வேர். நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். கடைக்காரர் நோட்டில் நிலைத்து நிற்பது நம் பாக்கி.

செய்யப்பட்டது அச்சு (மஃப்ஊல்): மகசூல் (மஹ்ஸூல் - கிடைக்கப்பெற்றது), மாமூல் (மஃமூல் - செய்யப்பட்டு வருவது, வழக்கம்). 'அமல்' என்றால் செயல். சட்டம் அமலுக்கு வந்தது என்கிறோம். அமலும் மாமூலும் ஒரே வேரின் பிள்ளைகள் என்றால் சிரிப்பாக இல்லையா?

இரண்டாம் அச்சின் தொழிற்பெயர் (தஃப்ஈல்): தாசில் (தஹ்ஸீல் - கிடைக்கச் செய்தல், வரி திரட்டுதல்), தாக்கீது (தஃகீத் - உறுதிப்படுத்துதல்), தபசில் (தஃப்ஸீல் - பிரித்துச் சொல்லுதல்). தாசிலோடு பாரசீகத் 'தார்' சேர்ந்து தாசில்தார் ஆனார். பார்த்தீர்களா, விவசாயியின் மகசூலும் தாசில்தாரும் ஹ்-ஸ்-ல் என்ற ஒரே வேர்! பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் தபசிலும், ஜூலை முதல் ஜூன் வரை கணக்கிடும் பசலி ஆண்டும் ஃப்-ஸ்-ல் என்ற ஒரே வேர். ஃபஸ்ல் என்றால் பிரிவு, பருவம்.

ஐந்தாம் அச்சின் தொழிற்பெயர்: தாலுகா. தஅல்லுக் என்றால் ஒன்றோடு தொங்கி இணைந்திருப்பது, சேர்ந்த பகுதி. ஜில்லா வேறு கதை. 'ளில்ஃ' என்றால் விலா எலும்பு, பக்கம்.

'மு' முன்னால் வந்து கடைசி எழுத்துக்கு முன் இகரம் வந்தால் இரண்டாம் அச்சு முதல் மேலே உள்ள வினைகளைச் செய்பவர். முதர்ரிஸ் என்றால் ஆசிரியர். முன்சீப் என்பது 'முன்ஸிஃப்'. வேர் ந்-ஸ்-ஃப், 'பாதி'. நான்காம் அச்சில் போட்டால் ஆளுக்குப் பாதியாக நியாயம் வழங்குபவர். முன்சீப் கோர்ட்டுக்குள் இவ்வளவு அழகான பொருள் இருக்கிறது.

இடத்தைக் காட்டும் அச்சு: மக்தப் மாதிரி. மஸ்ஜித் (மசூதி), மதரஸா, அப்புறம் நாம் பிரின்சிபாலிடம் கொடுக்கும் மகஜர்! 'மஹ்ளர்' என்றால் கூடி முன்னிற்கும் இடம். பிறகு பலர் முன்னிலையில் எழுதிய தாளுக்குப் பெயராயிற்று. கோர்ட்டில் ஆஜர், கலெக்டரிடம் மகஜர், பாடம் சொல்லும் ஹஜ்ரத் - மூன்றும் ஹ்-ள்-ர் என்ற ஒரே வேர்.

வக்கீலும் வக்காலத்தும், வாரிசும் மிராசும், கோர்ட் அமீனாவும் அமானத்தும், இப்படியே ஜோடி ஜோடியாகப் போகும். அசல், நகல், ரத்து, வசூல் எல்லாம் அரபே.

இவை எப்படி வந்தன? வழியைச் சொல்லும் தடயம் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. அரபு எழுத்து வரிசையில் 15-ஆவது எழுத்து 'ளாத்'. இதைப் பாரசீகர்கள் 'ஸ' (ஆங்கில இசட் ஓசை) என்று உச்சரித்தார்கள். நம் வாயில் அது 'ஜ' ஆயிற்று. ஹாளிர் - ஆஜர், ளாமின் - ஜாமீன், மாளீ - மாஜி, ளில்ஃ - ஜில்லா, மஹ்ளர் - மகஜர். எல்லாவற்றிலும் 'ஜ'! ஆகவே இவை அரபு நாட்டிலிருந்து நேராகக் கப்பல் ஏறி வரவில்லை. பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த நவாப்புகளின் கச்சேரி வழியாகவும், அதே சொற்களைத் தொடர்ந்து வைத்துக்கொண்ட கம்பெனி ஆட்சி வழியாகவும் வந்தவை. ஆர்க்காட்டு நவாப் வரி கேட்ட சிவகங்கைச் சீமைக்காரர்கள் நாம். வரியோடு சொல்லும் வந்தது. ரம்ஜான், ரமலான் என்று ஒரே மாதத்துக்கு நாம் இரண்டு பெயர் சொல்வதும் இதனால்தான். ரம்ஜான் பாரசீக வழி, ரமலான் அரபுக்கு நெருங்கியது.

நேராகக் கடல்வழி வந்த உறவும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ், அர்வி என்று பெயர். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் எழுதியவர். நான் இங்கே எதிர்த்திசையில் அரபைத் தமிழ் எழுத்தில் எழுதித் திணறுகிறேன். அரபியில் இரண்டு மூன்று விதமான 'க', 'த', 'ஸ', 'ஹ' உண்டு. அவற்றைத் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியவில்லை. மேலே உள்ள க்-த்-ப், க்-ல்-ப் இரண்டிலும் வரும் 'க்' அரபியில் வேறு வேறு எழுத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நம் ஒர்க்ஷாப்புக்கு வாருங்கள்

தொழில்காரர் அச்சு: நடு எழுத்து இரட்டித்து, பின்னால் ஆ. ஹத்தாத் - கொல்லர், நஜ்ஜார் - தச்சர், லஹ்ஹாம் - வெல்டர், கய்யாத் - தையல்காரர். தமிழில் 'கசாப்புக் கடை' என்கிறோமே, கஸ்ஸாப் என்றால் கறி வெட்டுபவர், இதே அச்சு.

இதே அச்சோடு கடைசியில் ஆ சேர்ந்தால் இயந்திரம். சய்யாரா - கார் (ஓயாமல் போவது), தய்யாரா - விமானம் (ஓயாமல் பறப்பது), ஹஃப்பாரா - மண் தோண்டும் இயந்திரம், ஸல்லாஜா - பிரிட்ஜ் (ஸல்ஜ் என்றால் பனிக்கட்டி). புது இயந்திரம் வந்தால் புதுச் சொல்லுக்கு எங்கும் அலைவதில்லை. பழைய வேரை இந்த அச்சில் போட்டு அழுத்துகிறார்கள்.

கருவி அச்சு: முன்னால் 'மி'. மின்ஷார் - ரம்பம், மிப்ரத் - அரம், மிஸ்கப் - டிரில், மீஸான் - தராசு, மிக்ரதா - லேத். லேத்துக்கு அரபுப் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நமக்கு முதல் வருஷம் உயிரை வாங்கிய அல்ஜீப்ராவும் அரபுதான். 'ஜப்ர்' என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சரிசெய்வது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி தன் கணித நூலின் தலைப்பில் வைத்த சொல். இரண்டாம் அச்சில் 'முஜப்பிர்' என்றால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர்.

'முஹந்திஸ்' - எஞ்சினியர். இதில் மூன்று எழுத்து வேர் இல்லை, ஹ்-ன்-த்-ஸ் என்று நான்கு. பாரசீகத்தில் 'அந்தாஸா' என்றால் அளவு. அரபு அதை வாங்கி, வேராக அரைத்து, தன் அச்சில் ஊற்றிக்கொண்டது. 'தல்ஃபன' என்றால் டெலிபோன் செய்தான்! டெலிபோனையும் நான்கெழுத்து மாவாக்கிவிட்டார்கள்.

6. நோயாளி எழுத்துகள்

வேரில் வ், ய் வந்தால் அச்சில் நிற்காமல் கரைந்துவிடும். அரபு இலக்கணக்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் 'நோய் எழுத்துகள்'. மற்றவை 'ஆரோக்கியமானவை'. வார்ப்படத்தில் காற்றுக்குமிழி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர் எவருக்கும் தெரிந்த சொல் 'இகாமா', தங்கும் அனுமதி அட்டை. வேர் க்-வ்-ம், நிற்றல். நான்காம் அச்சில் தொழிற்பெயர் 'இக்வாம்' என்று வர வேண்டும். நோய் எழுத்தான வ் கரைந்து, கடைசியில் ஒரு ஒட்டு சேர்ந்து 'இகாமா' ஆயிற்று. மானேஜரைக் குறிக்கும் 'முதீர்' என்பதும் இப்படித்தான். வேர் த்-வ்-ர், சுற்றுதல். 'முத்விர்' என்பது கரைந்து முதீர். சுற்ற வைப்பவர்!

என் அப்பாவின் இகாமாவையும் ஹஜ்ரத் படித்தார். தொழில் என்ற இடத்தில் 'ஆமில்' என்று இருந்தது. செய்பவர் அச்சு, வேர் நம் அமல். வெறும் வேலையாள் என்று பொருள். கொத்தனாருக்கு அரபியில் 'பன்னா', அது தொழில்காரர் அச்சு. ஆறு வருஷம் சுவர் எழுப்பியவருடைய அட்டையில் கடைசிவரை ஆமில்தான். சம்பளமும் அதற்குத் தக்கதுதான். இதைக் கேட்டபோது அப்பா, "அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

7. எச்சரிக்கை ஒன்று, பயிற்சி நான்கு

அச்சு தெரிந்துவிட்டால் எல்லாப் பொருளும் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சொல் ஊர் ஊராகப் போகும்போது பொருளும் மாறும். 'தக்ரார்' என்றால் அரபியில் திரும்பத் திரும்பச் செய்தல். பாரசீக, உருது வழியில் நம்மிடம் வந்து 'தகராறு' ஆயிற்று. சொன்னதையே திரும்பச் சொன்னால் தகராறு வரும் என்பது உண்மைதான். ஆனால் அரபியரிடம் இந்தப் பொருளில் பேசினால் அவருக்கு விளங்காது.

இப்போது நீங்களே முயலுங்கள்.

(அ) கஸல - கழுவினான். 'கஸ்ஸாலா' எது?
(ஆ) ஃபதஹ - திறந்தான். 'மிஃப்தாஹ்' எது?
(இ) தபக - சமைத்தான். 'மத்பக்' எது? 'தப்பாக்' யார்?
(ஈ) ஹமல - சுமந்தான். 'ஹம்மால்' யார்?

விடை: (அ) வாஷிங் மெஷின், (ஆ) சாவி, (இ) சமையலறை, சமையல்காரர், (ஈ) சுமை தூக்கும் தொழிலாளி. நான்கும் சரியென்றால் நீங்கள் என்னைவிட வேகம். எனக்கு இது வர மூன்று ஞாயிறு ஆயிற்று.

8. அந்த இரண்டு சொல்

இனி அப்பாவின் தாள். அதில் இருந்த முதல் சொல் 'குரூஜ்'. க்-ர்-ஜ், வெளியேறுதல். நான்காம் அச்சைச் சொன்னபோதே இந்த வேரைப் பார்த்துவிட்டீர்கள். அச்சு நம் 'வசூல்' இருக்கும் அதே அச்சு.

லீவில் வருபவருக்குக் கொடுக்கும் அனுமதியும் 'குரூஜ்' என்றுதான் தொடங்கும்: 'குரூஜ் வ அவ்தா', வெளியேறித் திரும்புதல். அப்பாவின் தாளில் இருந்தது 'குரூஜ் நிஹாயீ', கடைசி வெளியேற்றம். ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் எங்கள் வீட்டின் பாதிச் சுவர் பூசாமலே நின்றுபோயிற்று. அன்றைக்கு அப்பா அதைப் படித்திருந்தால் வேலை நிலைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருப்பார். கேட்காமல் கையெழுத்துப் போட்டதுதான் பத்து வருஷமாக அவரைக் குடைகிறது.

இதே வேரை ஐந்தாம் அச்சில் போடுங்கள்: 'தகர்ரஜ'. வெளியே வந்தான், அதாவது படித்துப் பட்டம் பெற்று வெளியே வந்தான். படிப்பை முடித்தவருக்குக் 'கிர்ரீஜ்' என்று பெயர். ஹஜ்ரத் இதைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஒங்க தாளுல இருக்கிற அதே மூணு எழுத்துதாம்ப்பா. அடுத்த வருஷம் எனக்கும் அதே எழுத்துல ஒரு பேரு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து, "இது எந்த எழுத்து, இது எந்த எழுத்து" என்று கேட்டார். காட்டினேன். இப்போது 'குரூஜ்' என்ற சொல்லை அவரே படிக்கிறார்.

தோழர்களே, நம்மில் பலர் டிப்ளமோ முடித்ததும் வளைகுடாவுக்குப் போகப் பார்க்கிறோம். 1973 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவல் மொழிகளில் ஒன்று அரபு. அந்த நாடுகளில் கோர்ட்டிலும் அரசாங்க ஆபீசிலும் செல்லுபடியாகும் தாள் அரபில்தான் இருக்கும். ஏஜெண்டுக்குக் கட்டும் பணத்தைச் சேர்க்கிற நேரத்தில் 28 எழுத்தையும் பத்து அச்சையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துக்கு ஒரு மாதம் போதும். எந்தத் தாளையும் படிக்காமல், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நகல் வாங்காமல் வராதீர்கள். அசலும் நகலும் இரண்டுமே அரபுச் சொல்தான், கேட்டால் அவர்களுக்கும் ஓரளவு புரியும்!

 ஞாயிறு வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் லேத் செக்ஷனில் என்னைப் பார்க்கலாம்.